பச்சை ஊருக்கு ஒரு பஸ்

திருப்பதிக்குப் போய் வந்தேன். சாமி பார்க்கவில்லை. பஸ் கேட்கப் போனேன்.

என் ஊர் விஜயபுரம் பக்கம். வேர்க்கடலை, நெல், கொஞ்சம் கத்தரி. ஊரில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், மீதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், சண்டை வந்தால் எல்லோரும் இரண்டையும் பேசுவார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி விஜயா. அவள் திருத்தணிப் பக்கம். இதில் தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

என் மகள் மோகனாவுக்குத் தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிப் போகும். எங்கள் ஊருக்கு வராது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் வரைக்கும் வந்து திரும்பிவிடும். அந்த ஊரில்தான் என் சகலை முனிரத்தினம் இருக்கிறார். விஜயாவின் அக்கா சரோஜாவைக் கட்டியவர்.

பஸ் விடியுமுன் புறப்படும். கால்வாய்க் கரையில் அந்நேரம் காட்டுப்பன்றி சுற்றும். அதனால் மோகனா முனிரத்தினம் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். வந்தால் "பெரிநைனா அப்டி சொன்னாரு, பெரிநைனா இப்டி சொன்னாரு" என்பாள். பெரிநைனா என்றால் பெரியப்பா. போன மாதம் ஒரு ஞாயிறு வரவில்லை. பெரிநைனா நகரிக்கு சினிமாவுக்குக் கூட்டிப் போனாராம்.

பஸ் எங்கள் ஊருக்கு வந்தால் அவள் வீட்டுக்கு வருவாள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

முனிரத்தினத்தின் ஊருக்கு எல்லாம் முதலில் வரும். செல்போன் டவர் முதலில் வந்தது. கம்பெனி பஸ் வந்தது. மாவட்டத்தைப் பிரித்தபோது அவர் ஊர் திருப்பதியோடு போனது. என் ஊர் சித்தூரோடு நின்றது. நடுவில் ஒரு கால்வாய். அதுவும் தண்ணீர் இல்லாத கால்வாய்.

அவர் ஊரில் இல்லாதது எங்கள் ஊரில் ஒன்று உண்டு. வண்டி வராத ரோடு. போட்ட புதிதில் போட்டபடி இருக்கிறது. கருப்பாக, அகலமாக. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்தால் ரோடுதான் களம். மண் ஒட்டாது. மேலே வெயில், கீழே தார். வேர்க்கடலை சீக்கிரம் காய்ந்துவிடும். முனிரத்தினம் ஊர் ரோட்டில் பஸ் ஓடுவதால் அவர் கடலையை டிராக்டரில் கொண்டுவந்து எங்கள் ரோட்டில் கொட்டுவார். நான் கிளம்பிய அன்றும் கொட்டியிருந்தது. ஓரத்தில் கல் வரிசை, முள் கிளை. அதைத் தாண்டித்தான் பஸ் கேட்கப் போனேன்.

தனியாகப் போகலாம் என்று இருந்தேன். விஜயா விடவில்லை. "நீ ஆபீசுல போய் நின்னா தூணுன்னு நெனச்சிக்குவாங்க. மாமாவ இட்டுக்கினு போ" என்றாள். முனிரத்தினம் பழைய லாரி டிரைவர். வாய் உள்ளவர். கேட்டவுடன் சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வராமல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் சித்தூர்.

கங்காதர நெல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். அடுத்த பஸ் எப்போது என்று ஓர் அம்மா கேட்டார். "வரும்போது வரும் அம்மா, அதுவும் நம்ம பஸ்தானே" என்று கண்டக்டர் தெலுங்கில் சொன்னார்.

மாங்காய் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. முனிரத்தினம் கை காட்டினார். நின்றது. எனக்கு என்றும் நின்றதில்லை. அவர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "சகல, நீ பின்னால குந்திக்க, காத்து வரும்" என்றார். மாங்காய் மேல் உட்கார்ந்து சித்தூர் போனேன். காற்று வந்தது. பால் பிசுக்கும் வேட்டியில் வந்தது.

சித்தூரில் மாம்பழக் கூழ் பேக்டரி வாசலில் மாங்காய் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. விவசாயிகள் வண்டியடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கள் கத்தரிக்காய்க்கு யாரும் பேக்டரி கட்டவில்லை. இவர்கள் காத்துக் கிடக்கவாவது ஒரு வாசல் இருக்கிறது.

மதியம் ஒரு மெஸ்ஸில் ராகிக் களி. கடலைச் சட்னி, கீரை. பரிமாறிய அம்மாவிடம் முனிரத்தினம் அவர் ஊர், பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் விசாரித்தார். முனிரத்தினத்தின் இலையில் களி இரண்டாவது முறையும் விழுந்தது. நெய்யும் விழுந்தது. என்னைப் பார்த்து, "இவர் ஊமையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பேசுவான்மா. வருஷத்துக்கு ரெண்டு தபா" என்றார் முனிரத்தினம்.

களி எங்கள் வீட்டுக் களியைவிட நன்றாக இருந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை.

ரோடு, ஊர் வளர்ச்சி பார்க்கிற ஆபீசில் ஓர் இன்ஜினியர். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். சுவரில் பெரிய மேப். சித்தூர், திருப்பதி, புத்தூர், காளஹஸ்தி, தடா எல்லாம் வட்டம் வட்டமாக, நடுவில் தடித்த கோடு. இந்த ஊர்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வளரும் என்றார். இங்கே பேக்டரி, இங்கே லாரி நிற்கும் இடம், இங்கே வீடுகள். முனிரத்தினம் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நானும் தேடினேன். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடம் பச்சையாக இருந்தது. பேர் இல்லை.

"உங்கள் பக்கம் விவசாய மண்டலம். அதனால் பச்சை" என்றார்.

"பச்சைன்னா நல்லதுதானே சார்" என்றார் முனிரத்தினம்.

"ரொம்ப நல்லது. ஆனால் பஸ் ஆரஞ்சுக்குத்தான் போகும்."

நான் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் பூசினவன் பிரஷ்ஷைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்திருக்கலாம். விரல் அகலம் போதும்.

இன்ஜினியர் ஒன்று சொன்னார். கம்பெனி பஸ் அவர்கள் கையில் இல்லை. பஸ் ஓட்டுகிற கான்ட்ராக்டர் ஆபீஸ் திருப்பதியில் இருக்கிறது. "அவர்களிடம் கேளுங்கள். உங்கள் ரோடு நல்ல ரோடு. எதிரும் புதிருமாக இரண்டு பஸ் ஒதுங்கலாம். ஏன் வரவில்லை என்று எனக்கும் தெரியவில்லை."

வெளியே வந்ததும் முனிரத்தினம், "ஆரஞ்சு கலரு, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன். அன்று நான் பேசியதில் பாதி அதுதான்.

இரண்டாம் நாள் திருப்பதி.

இந்த ஊரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தலைக்கு மேலே ஒரு பாலம். நடுரோட்டில் அரளிச் செடி. அந்தச் செடிக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். கோடையில் எங்கள் ஊர் டேங்குக்கு லாரி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். அரளியாகப் பிறந்திருக்க வேண்டும்.

மலைக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. சில பஸ்ஸில் சத்தமே இல்லை, கரண்ட்டில் ஓடுகிறதாம். ஒரு சாமிக்கு இத்தனை பஸ். எங்கள் ஊரில் இத்தனை குடும்பம், ஒன்றும் இல்லை. இப்படி நினைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இட்லிக் கடையில் பக்கத்தில் ஒரு கன்னடக் குடும்பம், எல்லோருக்கும் புது மொட்டை. முனிரத்தினம் அரை கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். எழுந்து போகும்போது அவர்கள் ஒரு லட்டைப் பிட்டு அவர் கையில் வைத்தார்கள். அவர் அதை இரண்டாக்கி முந்திரி இருந்த துண்டை என்னிடம் நீட்டினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தின்றுவிட்டேன்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே இருந்தது. சூப்பர்வைசர் பேர் ரமணா. இளைஞர். பஸ் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பார்த்து முடிவு செய்வது அவர்தான். முனிரத்தினம் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்த ஊரா? போன வருஷம் நானே பஸ் எடுத்துக்கொண்டு வந்தேனே" என்றார். அவர் பேசியது தெலுங்கு. நான் தமிழில் எழுதுகிறேன். "ரோட்டில் பாதிக்கு மேல் வேர்க்கடலை. ஹார்ன் அடித்தேன். ஓர் அம்மா மஞ்சள் குடையோடு எழுந்து வந்தார். கடலையைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றேன். கேட்டாரே ஒரு கேள்வி!"

அடுத்ததை அவர் தமிழில் சொன்னார், அந்த அம்மா சொன்ன மாதிரியே, இடுப்பில் கை வைத்து.

"'ஏத்துடா! ஏத்துறதுன்னா மொதல்ல என் மேல ஏத்து, அப்பால கடல மேல ஏத்து! துன்றது சோறா, பஸ்ஸாடா?'"

ஆபீசில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் இதை ஏற்கெனவே பல முறை கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"திரும்பக் கூட இடமில்லை. கால்வாய் வரைக்கும் பஸ்ஸை ரிவர்ஸிலேயே எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு அந்த ரோட்டை விட்டுவிட்டோம்."

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சரோஜாவின் மஞ்சள் குடை அவர் மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. அந்த வாயும் வேறு யாரிடமும் இல்லை.

ரோடு எங்களுடையது. கடலை அவருடையது. பஸ்ஸும் அவர் ஊருக்கே போனது. என் மகளும் போனாள்.

"யார் அந்த அம்மா, தெரியுமா?" என்று ரமணா கேட்டார்.

முனிரத்தினம் இரண்டு நாளில் முதல் முறையாகப் பேசாமல் இருந்தார்.

"எங்க வூட்டு ஆளுதான்" என்றேன்.

ரமணாவின் முகம் மாறியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். மோகனாவைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், சுருக்கமாக. அவர் பஸ் நேரம் எழுதிய நோட்டைப் புரட்டினார்.

"நாளைக்குக் காலை ஷிப்ட் முடிந்து மதியம் வருகிற பஸ்ஸை உங்கள் ரோட்டில் விடச் சொல்கிறேன். நீங்களும் அதில் ஏறிக்கொள்ளுங்கள். ஊருக்குள் போய்த் திரும்பி வந்தால் உங்கள் ஊரில் ஸ்டேஜ், தினமும் பஸ் நிற்கும். நடுவில் நின்றால் இத்தோடு சரி. இன்னொரு தடவை நான் பஸ்ஸைப் பின்னால் ஓட்ட முடியாது."

வெளியே வந்து டீ குடித்தோம். இந்நேரம் அதே ரோட்டில் அதே இடத்தில் அவர் கடலை காய்கிறது. குடையும் அங்கே இருக்கும். இது இரண்டு பேருக்கும் தெரியும். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

முனிரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு வெயில் காஞ்சி கீது. இன்னும் ரெண்டு வெயில் வேணும். இப்ப வாரி மூட்ட கட்டினா பூஞ்ச புடிச்சிக்கும்" என்றார்.

"ம்" என்றேன்.

"எங்கூர் ரோட்டுல போடவும் முடியாது."

"ம்."

டம்ளரைக் கீழே வைத்தார். "பசங்க ரெண்டும் பெங்களூரு போனதுல இருந்து வூடு கம்முனு கெடந்துது சகல. பாப்பா வந்தப்புறம்தான் உங்கண்ணி வேளைக்குத் துன்றா."

என் வீடும் கம்மென்றுதான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவா முடியும்?

"இரு, வர்றேன்" என்று எழுந்து போனார். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார். போன் பேசப் போனாரா, வெற்றிலை வாங்கப் போனாரா தெரியவில்லை. வரும்போது வாய் சிவந்திருந்தது. வெற்றிலை போட்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ஸ்ரீசிட்டி.

ராத்திரி திருப்பதி பஸ் ஸ்டாண்டிலேயே படுத்திருந்துவிட்டு, காலையில் தடா போகிற பஸ்ஸில் போய் இறங்கினோம். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள். ஒருவன், "ரூமுக்கு ஆறு பேருடா, பொரண்டு படுத்தா எல்லாரும் சேந்து பொரளணும்" என்றான். மற்றவன், "எங்க ரூம்ல எட்டு. நாங்க பொரள்றதே இல்ல" என்றான். அவர்கள் அப்பாக்கள் யாருக்கும் இங்கே சகலை இல்லை போலிருக்கிறது.

உள்ளே ரோடுகள் படம் வரைந்த மாதிரி இருந்தன. மாடு இல்லை. டீக்கடை இல்லை. உட்கார ஒரு கல் கூட இல்லை. இவ்வளவு ரோடு போட்டு, அதில் ஒரு கைப்பிடிக் கடலை கூடக் காயவில்லை. முனிரத்தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா எடம் பாரு சகல" என்றார்.

ஷிப்ட் முடிந்து பெண்கள் நீலச் சட்டையில் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். என் மகளை எனக்குத் தெரியவில்லை. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அதோ பாப்பா."

மோகனா ஓடி வந்தாள். "நைனா! நீ இன்னா இங்க? பெரிநைனா!" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அதை நான் கவனித்தேன்.

டிரைவர் பேர் செல்வம். தமிழர். முனிரத்தினத்தைக் கண்டதும், "வாண்ணா வாண்ணா, முன்னால குந்து" என்றார். தினமும் விடியற்காலையில் மோகனாவை ஏற்றிவிட அவர் நிற்பாராம். அப்படிப் பழக்கம். நான் நிற்க வேண்டிய இடம் அது. நான் பின்னால் மோகனா பக்கத்தில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பெரிம்மா கடல?" என்றாள்.

"ரோட்டுலதான் கீது."

"வார மாட்டாங்க நைனா. உனுக்குத் தெரியாது. அந்தக் கடலன்னா அவுங்களுக்கு உசிரு."

அவளுக்கு அந்த வீட்டில் யாருக்கு எது உயிர் என்று தெரிந்திருக்கிறது.

முனிரத்தினம் ஊர் வந்தது. பஸ் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். முனிரத்தினம் இறங்கவில்லை. மோகனாவும் இறங்கவில்லை. மற்ற நாள் இங்கேதான் பஸ் திரும்பும். செல்வம் திரும்பாமல் நேராக விட்டார்.

கால்வாய்ப் பாலம். அதற்கப்புறம் ஒரு வளைவு. வளைவு முடிந்தால் கடலை. நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கல் வரிசையையும் முள் கிளையையும் மஞ்சள் குடையையும் எதிர்பார்த்தேன். முனிரத்தினத்தின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. வேர்த்திருந்தது.

வளைவு திரும்பியது.

ரோடு காலி. கருப்பாக, அகலமாகக் கிடந்தது. ஓரத்தில் கற்களை யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். சிந்திய கடலையை மைனாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸைப் பார்த்தும் அவை பறக்கவில்லை. பஸ் என்றால் என்னவென்று எங்கள் ஊர் மைனாவுக்குத் தெரியாது. செல்வம் ஹார்ன் அடித்த பிறகு போயின.

ஊருக்குள் பஸ் நுழைந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் செல்வம் ஒரே சுற்றில் திருப்பிவிட்டார். என் வீடு அதற்குப் பக்கத்தில். மொட்டை மாடியில் மஞ்சள் குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே சரோஜா. பக்கத்தில் விஜயா, கையில் துடைப்பம். மாடி முழுக்க வேர்க்கடலை. நேற்று சாயங்காலம் போன் வந்ததாம். டிராக்டர் கிடைக்கவில்லை. அக்காளும் தங்கச்சியும் காலையிலிருந்து கூடை கூடையாகத் தலையில் சுமந்து மாடி ஏற்றியிருக்கிறார்கள்.

சரோஜா கைப்பிடிச் சுவர் வரை வந்து பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்.

"இப்ப ஏத்துடா பாக்கலாம்!"

செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். மோகனா படியேறி மாடிக்கு ஓடினாள். முதலில் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் விஜயாவை.

செல்வம் போனில் ரமணாவைக் கூப்பிட்டார். "வந்தாச்சு சார். திரும்பியாச்சு. ரோடு சூப்பர்." பிறகு என்னிடம், "ஸ்டேஜ் பேரு இன்னாண்ணா?" என்றார். ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"அய்யய்யோ, அதே பேர்ல சத்தியவேடு பக்கம் ஒரு ஸ்டேஜ் கீது. கொழப்பம் ஆயிடும்" என்றார். போனை மறுபடியும் காதில் வைத்தார். "சார், முனிரத்தினம் ஸ்டேஜ்னு போட்டுக்கங்க. டிரைவருங்க எல்லாருக்கும் அவரத் தெரியும்."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "வேணாம்பா, தம்பி பேரப் போடு" என்றார். அதற்குள் போன் வைத்தாகிவிட்டது.

இது நடந்து சில நாட்கள் ஆகின்றன. மோகனா இப்போது வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போகிறாள். விடியற்காலையில் நான் டார்ச் லைட்டோடு கூடப் போய் ஏற்றிவிடுகிறேன். பெரியம்மா வீட்டிலிருந்து துணிமணியெல்லாம் கொண்டுவந்துவிட்டாள். ஒரு சீப்பும் ஒரு துண்டும் அங்கேயே இருக்கின்றன. ஏன் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம போவேன் இல்ல நைனா?" என்றாள்.

மாடியில் தார் மாதிரி சூடு ஏறாது. ரோட்டில் இரண்டு வெயிலில் காய்வது இங்கே இன்னும் காயவில்லை. சரோஜா தினமும் வந்து ஒரு கடலையை உடைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார். காயும்வரை மஞ்சள் குடை என்னிடம்தான். அதன் கீழே உட்கார்ந்து காக்காய் ஓட்டுகிறேன். மதியம் ஹார்ன் கேட்டால் எழுந்து பார்ப்பேன். என் மகள் முனிரத்தினம் ஸ்டேஜில் இறங்குவாள்.